எங்கே இறங்கவேண்டும் என்று மட்டும் கேட்டவர்

கடலூர் முதுநகருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே ஓடும் நகரப் பேருந்தின் நடத்துனர், எங்கள் அன்பிற்கும் அச்சத்திற்கும் உரிய திரு. பொன்னுரங்கம் அவர்களின் பணி நிறைவு விழாவில், பணிமனைத் தோழர்கள் கூடிப் படித்தளிக்கும் மடல்

கெடிலக்கரை தந்த கேண்மையே! சில்லறை கேட்டுச் சிடுசிடுக்காத செம்மலே! படிக்கட்டில் தொங்கும் பிள்ளைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டும் பாசம் குறையாமலும் உள்ளே இழுத்துப்போட்ட பண்பாளரே! ஒரு விசிலில் வண்டியை நிறுத்தி, இரு விசிலில் கிளப்பி, முப்பத்தோராண்டு எங்களையும் அவ்வாறே ஆண்ட அண்ணனே! வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோய்விடுகிற ஆள் நீங்கள் என்பது பணிமனைச் சுவருக்கும் தெரியும். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறோம். இனிக் கொஞ்ச நேரத்துக்கு 'நீங்கள்' என்று சொல்லமாட்டோம், 'அவர்' என்போம். யாரோ ஒரு நடத்துனரின் கதை என்று எண்ணி, போட்ட மாலையோடு அப்படியே உட்கார்ந்திருங்கள். கதைக்கு உங்களிடம் முன்பே அனுமதி வாங்கியாயிற்று. "நல்லா சொல்லுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்னவரும் நீங்கள்தான்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த நாளிலிருந்து அந்த நடத்துனரின் வண்டியில் ஒரு சொல்லுக்கு இடம் கிடையாது. 'ஓசி' என்பது அந்தச் சொல். வாய் தவறி எவராவது சொல்லிவிட்டால், சொன்னவரின் சட்டைக் காலர் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டியதுதான். காசு கொடுத்து ஏறியவரிடமும் கொடுக்காமல் ஏறியவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: எங்கே இறங்கவேண்டும்? கேட்டுவிட்டுச் சீட்டை நீட்டுவார். வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியிராத விதமாக ஒன்றைக் கொடுப்பதற்கும் ஒரு கை வேண்டும். அந்தக் கை அவருக்கு இருந்தது.

அந்த நல்ல குணமே அவரைக் குழியிலும் தள்ளப் பார்த்தது.

அவருடைய மகள் இசைவாணி சிதம்பரத்தில் படிக்கிறவர். தினமும் முதுநகர் சந்திப்பில் ரயிலேறிப் போய், இருட்டிய பிறகு திரும்புவார். நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் தெருவிளக்கு பாதி எரியும், பாதி எரியாது. நாய்கள் மட்டும் ஒன்று பாக்கியில்லாமல் இருக்கும். மாலை ஷிப்டில் வண்டியில் நிற்கும் அப்பாவுக்கு அந்த நேரம் வந்தாலே மனம் ரயிலடிக்குப் போய்விடும். பெண்ணுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

போன வருடம் அவர் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஓய்வுபெறப்போகும் போக்குவரத்து ஊழியர்களுக்கு மின்சார ஸ்கூட்டர் இலவசம் என்றது. படமும் இருந்தது. ஓரத்தில் ஒரு கெடிகாரம், நேரம் முடியப்போகிறது என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஊரில் வேறு யாராயிருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவர் யோசிக்கவில்லை. அதற்குக் காரணத்தை ஓட்டுநர் சார்லஸிடம் அவரே சொன்னார்:

"நாள் முச்சூடும் நானே இனாமாத்தான டிக்கெட் குடுக்கறேன், சார்லஸ். எனக்கு ஒருத்தங்க குடுக்கக் கூடாதா?"

இப்படி ஒரு காரணத்தால் ஏமாற ஒரு டவுன் பஸ் நடத்துனரால் மட்டுமே முடியும்.

கேட்டதையெல்லாம் கொடுத்தார். பணியாளர் எண்ணைக் கொடுத்தார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பத்துப் பேருக்கு அனுப்பினால்தான் பெயர் பதிவாகும் என்றதும், பத்து என்ன, பணிமனை வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டார். அண்ணன் போட்டிருக்கிறார் என்றால் அதற்குமேல் எங்களுக்கு அத்தாட்சி எதற்கு? மெக்கானிக் சடையப்பன் அன்றிரவே தன் விவரத்தையும் அனுப்பிவைத்துவிட்டார்.

மறுநாள் நெல்லிக்குப்பம் நெருங்கும் இடத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்த டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. சார்லஸ் எஞ்சினை அணைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. பேசியவன் குரலில் அவ்வளவு மரியாதை. ஸ்கூட்டர் லாரியில் ஏறிவிட்டது என்றும், இப்போது கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொன்னால் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள் என்றும் சொன்னான். இசைவாணியின் மேற்படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்ததெல்லாம் கிடந்தது அவர் படம் பிடித்து அனுப்பிய அதே கணக்கில்தான்.

எண் வந்தது. நடத்துனரின் கண்ணாடியோ நேரக்காப்பாளர் அறை மேசையில் கிடந்தது. பக்கத்து இருக்கையில் ரஹ்மத் பீவி இருந்தார். நெல்லிக்குப்பம் டீக்கடைகளுக்குச் சமோசா கொண்டுபோய்ப் போடுகிறவர், தினமும் இதே வண்டிதான். நடத்துனர் கைப்பேசியை அவரிடம் நீட்டி, வந்திருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுமாறு கேட்டார். பீவியம்மா வாங்கிப் பார்த்தார். படிக்கவில்லை. உள்ளங்கையால் கைப்பேசியைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, ஏறுனதும் எனக்கு டிக்கெட் குடுத்தீங்களே, என்ன கேட்டீங்க?"

"எங்க எறங்கணும்னு கேட்டேன்."

"வேற?"

"வேற என்னத்த கேக்கறது?"

"அதான். இனாமா குடுக்கறவங்க அத்தோட உட்டுடுவாங்க. இந்த ஆளு ஜாஸ்தி கேக்கறாரே."

வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று நகர்ந்தது. நடத்துனர் கைப்பேசியை வாங்கி, அந்த மரியாதைக்காரனிடம், தம் வேலையில் தமக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, நீங்க எங்க எறங்கணும்?"

எதிர்முனையில் இருந்தவனுக்கு அதற்கு விடை தெரியவில்லை. தொடர்பு அறுந்தது.

இதுவரை நடந்தது பீவியம்மாவின் பெருமை. இனி நடந்தது நடத்துனரின் பெருமை. குழுவில் தாம் போட்ட செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது, மானமும் மிஞ்சியிருக்கும். அதற்குள் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. தொட்டவர்கள் தம் பெயரை நம்பித்தான் தொட்டிருப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அந்த இடத்திலேயே, பேருந்து முழுக்கக் கேட்க, குழுவுக்குக் குரல் பதிந்து அனுப்பினார்:

"நான் அனுப்புன ஸ்கூட்டர் மெசேஜ் பித்தலாட்டம். நான் நம்பிட்டேன். நம்பர சொல்ல வாயெடுத்தேன், பீவியம்மாதான் புடிச்சி நிறுத்துனாங்க. யாரும் தொடாதீங்க. தொட்டவங்க ஒடனே பேங்குக்குப் போங்க. எம்மேல தப்பு."

பிறகு அவரே இணையமோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துச் சொன்னார், வங்கிக்கும் போய்வந்தார். சடையப்பனுக்கு அன்று மாலை அந்த அழைப்பு வந்தபோது, பணிமனையில் முழுக்கதையும் கேட்டிருந்த அவரும் கிரீஸ் கையோடு எடுத்து, "எங்க எறங்கணும்?" என்றுதான் கேட்டார். அவர் பெண்டாட்டியின் நகையை மீட்க வைத்திருந்த பணம் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. இதோ, மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது அவர்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நடையிலும், சீட்டு கொடுத்த கையோடு, தாம் ஏமாற இருந்த கதையை வெட்கமில்லாமல் சொன்னார். இலவசமாகத் தங்கக்காசு, இலவசமாகக் கைப்பேசி, இலவசமாகக் குளிர்சாதனப் பெட்டி என்று எவன் எதை நீட்டினாலும், கெடிகாரம் காட்டி விரட்டுகிறானா, ஊருக்கெல்லாம் அனுப்பச் சொல்கிறானா, ரகசிய எண் கேட்கிறானா என்று பார்க்கச் சொன்னார். இன்று நம் வழித்தடத்தில் சந்தேகமான அழைப்பு எது வந்தாலும் ஜனங்கள் கேட்பது அந்த ஒரே கேள்வியைத்தான்.

கதை முடிந்தது. இனி 'நீங்கள்'.

அண்ணா, மழை தந்தும் மார்தட்டாத மேகம் போன்றவர் நீங்கள் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தோம். ஆனால் உங்களை எங்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அது இல்லை. தலைகுனியாமல் வாங்க மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நீங்கள், தலைகுனியவேண்டிய நேரத்தில் எங்களுக்காகக் குனிந்தீர்கள். அதுதான் காரணம். இசைவாணியின் ஸ்கூட்டர் இப்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. முழு விலை கொடுத்து வாங்கி, ரசீதை ஊருக்கெல்லாம் காட்டினீர்கள். இனி ரயிலடி நினைப்பு இல்லாமல் மாலையில் தேநீர் குடியுங்கள். நோய் நொடி அண்டாமல், முழங்கால் வலி முற்றாமல், பேரன் பேத்தி படிக்கட்டில் தொங்கினால் பல்லைக் கடித்து உள்ளே இழுக்கும் வலுவோடு, நூறாண்டு வாழுங்கள்!

எங்கள் அன்பு கட்டணமில்லாதது. இதற்கு எண் எதுவும் சொல்லவேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். எங்களுக்குக் கேட்க இருப்பது ஒன்றே ஒன்று: அண்ணா, எங்கே இறங்கவேண்டும்? யோசித்துச் சொல்லுங்கள். இந்த மடலின் ஓரத்தில் கெடிகாரம் எதுவும் ஓடவில்லை.

இங்ஙனம்,
உங்கள் விசிலுக்கு நின்றும் கிளம்பியும் பழகிய
பணிமனைத் தோழர்கள்,
அவர்களோடு, சமோசாக் கூடையுடன் வந்திருக்கும் ரஹ்மத் பீவி