ஊசியில் ஏறியது

— அந்த பாட்டில்ல இன்னா கீதுன்னுதான நர்சம்மா கேக்குறேன். அதுக்கு ஏன் வாசலப் பாக்குற?

— நான் எங்கம்மா பாத்தேன். குளூட்டாதயோன். எல்லார் உடம்புலயும் இருக்கறதுதான். மொகம் பளிச்சுன்னு ஆவறதுக்கு இந்த பியூட்டி கிளினிக்ல போடுறோம். உங்க பொண்ணுக்குக் கல்யாணமா?

— தை மாசம். பொண்ணு கருப்புன்னு மாப்ள வூட்ல ஒரு பேச்சு. இரு இரு, எல்லார் ஒடம்புலயும் கீதுன்னா அத்த ஏன் ஊசில வேற ஏத்துற?

— பாருங்கம்மா, சாப்பாடு உடம்புல எரிஞ்சு சக்தியாவும்போது, சிலதுல ஒரு எலக்ட்ரான் மட்டும் ஜோடி இல்லாம நின்னுடும். ஃப்ரீ ராடிக்கல்னு பேரு. அது சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கறதுகிட்ட ஒரு எலக்ட்ரான புடுங்கும். பறிகுடுத்தது அடுத்ததுகிட்ட புடுங்கும். அப்படியே செல்லு பழுதாயிடும்.

— ஜோடி இல்லன்னா இன்னா ஆட்டம் ஆடுது பாரு.

— இந்த மருந்துல ஒரு ஓரமா கந்தகம் இருக்கு. அதுல ஒரு ஹைட்ரஜன் ஒட்டிட்டு இருக்கும். அத எடுத்து அந்த ராடிக்கலுக்கு இதுவே குடுத்துடும். அதோட அந்தப் புடுங்கல் நின்னுடும். உடம்புல இருக்கறது பத்தாதுன்னுதான் ஊசில வேற ஏத்துறோம்.

— குடுத்துட்டா இதுக்குக் கொறையாதா? அப்பால இது போயி புடுங்காதா?

— இதுவும் ராடிக்கல்தான் ஆவும். ஆனா அந்த அளவு வெறி இருக்காது. அப்படி ரெண்டு கந்தகம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கும். உடம்பே அப்புறம் பிரிச்சு பழையபடி ஆக்கிடும்.

— நல்லா தெளிவா சொல்ற. எந்த ஊரு நீ?

— கருங்குழி.

— இத்தப் போட்டா ஒண்ணுக்கு நின்னு பூடுமா?

— ஏம்மா அப்படி கேக்குறீங்க? வந்ததுலேந்து பொண்ணு பேரையே சொல்லல. உங்கள யார் அனுப்புனது? போன வெளில வைங்க, ரெக்கார்டு பண்றீங்களா?

— இந்தா, நீயே பாரு, பட்டன் போனு. நான் மாமல்லபுரத்துல மீன் விக்கிறவ. கைய மோந்து பாரு. எம் பேரு ஆதியம்மா. எம் பொண்ணு தமிழரசி. இன்னாத்துக்கு நீ உக்காந்துட்ட?

— தமிழரசிக்கு என்னம்மா ஆச்சு?

— வெள்ளிக்கெழம இங்க மூணாவது பாட்டிலு போட்டுகினு வந்தா. வந்ததும் வாந்தி. மறுநா மூஞ்சி, காலு எல்லாம் வீங்கிச்சி. கிட்னி வேல செய்யலன்னு செங்கல்பட்டு ஆஸ்பத்திரில மெஷின் மாட்டிகீறாங்க. இன்னா ஏத்துனாங்கன்னு டாக்டரு கேட்டுகினே கீறாரு. நேத்து இங்க வந்தேன். அந்தப் பேர்ல யாரும் வரலன்னு உங்க மொதலாளி அனுப்பிட்டாரு. அதான் இன்னிக்கு நீ தனியா கீற நேரமாப் பாத்து, புதுசா வந்தவ மாதிரி கேட்டேன்.

— என்னால இதுக்கு மேல பேச முடியாதும்மா. வேல போயிடும்.

— எனக்கு உங்கூட சண்ட இல்ல கண்ணு. இப்ப சொன்னியே, அந்த மருந்து பேரு, அத்த மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடு. உம் பேரு வேணாம். எடுத்துகினு ஓடிர்றேன்.

— எழுத முடியாது.

— எம் பொண்ணு உசுருடி அது.

— அதுக்குத்தாம்மா எழுதல. எழுதுனா தப்பான வைத்தியம் பாப்பாங்க. டாக்டர் நம்பர குடுங்க, நானே பேசுறேன். வெள்ளிக்கெழம இந்த மருந்து ஸ்டாக் இல்லன்னு மொதலாளி லேபிள் இல்லாத பாட்டில் ஒண்ண குடுத்தாரு. நான் ஏத்துனது குளூட்டாதயோனே இல்ல.