லியென் டீச்சரின் கண்ணைப் பறித்தது யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவர் திரு. கெ அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் படகைக் கட்டிவிட்டு வந்திருக்கும் துறைமுகத்துப் பெரியோரே, தாய்மாரே, எங்கள் சிறப்புக் கல்வி வகுப்பின் பழைய மாணவ மாணவியரே! கீலுங் நகரத்தின் இந்த மழையில் இடமில்லாமல் வெளியே குடைபிடித்து நிற்பவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் தூ மிங்-சுவான். ஒழுங்குப் பிரிவுத் தலைவனாக, மறைந்த ஆசிரியை லியென் பி-யுன் அம்மையாரோடு இருபது ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றியவன். அவரைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஆனால் வாசலில் பூ வைத்துவிட்டு வரும்போதே ஒரு பேச்சு என் காதில் விழுந்தது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பைத்தியப் பொண்ணு அடிச்ச அடிதான்யா. அதுதான் இப்ப மூளையில ரத்தக்கசிவாகி டீச்சரைக் கொண்டுபோயிடுச்சு."

சொன்னவர் யாரென்று கேட்க மாட்டேன். அந்தப் பெண் இதோ, மூன்றாவது வரிசையில், தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். லுவோ சின்-யா. அவளுக்குப் பேச்சு வராது. ஆனால் காது கேட்கும் ஐயா! நீங்கள் பேசுவது எல்லாம் கேட்கும்!

இத்தகைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டுமென்று ஒரு மனுவும் ஊருக்குள் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமாக எதைக் காட்டியிருக்கிறார்கள்? லியென் டீச்சரின் சாவை! எந்தப் பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்து உழைத்தாரோ, அந்தப் பிள்ளைகளை விரட்ட அவர் பிணத்தையே கம்பாக எடுத்திருக்கிறார்கள்!

அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர் கைகளில் எப்போதும் பல் தடம் இருக்கும். "கடிச்சிட்டானாமே டீச்சர்?" என்று நான் ஒருமுறை கேலியாகக் கேட்டேன். "பசிக்குதுன்னு சொன்னான் சார். நமக்குத்தான் அந்த பாஷை புரியல" என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கல்வித் திட்டம் எழுதுவார். எழுதுவதற்கு முன் இரண்டு வாரம் அந்தப் பிள்ளையின் பின்னாலேயே நடப்பார். அப்படி நடந்துதான் சின்-யாவுக்கு எது எமன் என்று கண்டுபிடித்தார். பள்ளி மணி! நமக்கு அது வெறும் மணி. அவளுக்கோ காதுக்குள் அறையும் ஆணி. "மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் முன்பு இவளை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும்" என்று திட்டத்தில் எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஆண்டு தேர்வு நாள். லியென் டீச்சர் பயிற்சிக்காக வெளியே போயிருந்தார். தேர்வு முடியும் வரை ஒருவரும் வகுப்பை விட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான்.

மணி அடித்தது. சின்-யா தலையை ஜன்னலில் மோதினாள். கண்ணாடி நொறுங்கியது. பிடிக்க வந்த மாணவனின் மூக்கு உடைந்தது. நான் ஓடினேன். அப்போது என் எடை எண்பத்தாறு கிலோ. அவள் பதின்மூன்று வயதுக் குழந்தை. முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், விளையாட்டுச் சாமான் அறையில், கைப்பந்து வலையின் கயிற்றால் இரும்பு நாற்காலியோடு கட்டினேன். கத்தியதால் வாயில் துண்டை அடைத்தேன். அந்த அறைச் சுவருக்கு மேலேதான் மணி இருந்தது. நான்கு முறை அடித்தது. நான்கு முறையும் அவள் கட்டைப் பிய்க்கத் துடித்ததில் மணிக்கட்டுச் சதை கிழிந்து தொங்கியது.

மதியம் லியென் டீச்சர் திரும்பி வந்தார். "நீ மனுஷனா?" என்று என் சட்டையைப் பிடித்துக் கிழித்தார். கத்தரியால் கயிற்றை அறுத்தார். அந்த நொடி ஐந்தாவது மணி அடித்தது. சின்-யாவுக்கு எதிரில் நிற்பது யாரென்று தெரியவில்லை. நாற்காலியைத் தூக்கி வீசினாள். சந்தையில் மீனுக்குப் பனிக்கட்டி உடைக்கும் சத்தம் கேட்டது. அது டீச்சரின் முகத்து எலும்பு! இடது கண்ணிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. நான் அந்தப் பெண்ணை உதைக்கக் காலை ஓங்கினேன். தரையில் கிடந்த டீச்சர் என் காலைக் கட்டிக்கொண்டார். "அவளை விடுங்க! மணியை நிறுத்துங்க! முதல்ல மணியை நிறுத்துங்க!"

கண் போய்விட்டது. "மாணவி காரணமின்றித் தாக்கினாள்" என்று நான் அறிக்கை எழுதினேன்.

பதினைந்து நாள் கழித்துக் கூட்டம். சின்-யாவை நீக்குவது ஒன்றுதான் அன்றைய பேச்சு. அவள் தகப்பனார் லுவோ அண்ணன் படகுக் கொக்கியோடு உள்ளே புகுந்தார். மேசைக் கண்ணாடி சிதறியது. கொக்கி என் கழுத்தில் பதிந்தது.

"எம் பொண்ணு கையில இருக்கிறது கயித்துத் தடம்டா! முப்பது வருஷமா கயிறு புடிக்கிறவன் நான். எனக்கா தெரியாது?"

அரை முகத்தில் கட்டோடு லியென் டீச்சர் எழுந்து அந்தக் கொக்கியைப் பிடித்தார். அவர் உள்ளங்கை கிழிந்தது. "அண்ணே, இவரைக் குத்திட்டு நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா சின்-யாவுக்கு யாரு இருக்கா? உக்காருங்க. நடந்ததை எழுத வைக்கலாம்."

பிறகு எல்லோர் முன்னிலும் சொன்னார்: "கட்டினது தூ சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சருக்குத் தலையில அடி. பாவம், குழம்பிப் போயிருக்காங்க." அதையே பதிவு செய்தார்கள். கண்ணை இழந்தவரைப் பைத்தியமாக்கினேன்!

அப்போதும் அவர் விட்டுக்கொடுத்தாரா? "என் கண்ணைக் காட்டி அவளை வெளிய தள்ளாதீங்க. கண்ணு என்னுது" என்றார். மணிக்குப் பதிலாக விளக்கு எரிய வேண்டும், எந்தப் பிள்ளையையும் கட்டக் கூடாது, சின்-யா இங்கேயே படிப்பாள். இந்த மூன்றையும் எழுதி வாங்காமல் அறையை விட்டு நகரவில்லை. அந்த மூன்று வரியால்தான் அவள் படித்து முடித்தாள். எட்டு ஆண்டாக மீன் உருண்டை ஆலையில் வேலை செய்கிறாள்.

என்னோடு பேசுவதை டீச்சர் நிறுத்தவில்லை. ஒரே ஒருமுறை கேட்டார்: "தூ சார், அந்த அறிக்கையை எப்ப திருத்துவீங்க?" "பார்க்கலாம் டீச்சர்" என்றேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அவரைச் சாகவிட்டேன்.

இது ரத்த அழுத்தத்தால் வந்த சாவு, பழைய காயத்துக்குச் சம்பந்தமில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் கண்? அந்தக் கண்ணுக்கு யார் பொறுப்பு?

லுவோ அண்ணே, எழுந்துவிட்டீர்களா? நில்லுங்கள். அவரை யாரும் பிடிக்காதீர்கள். நான் பேசி முடித்ததும் கீழே இறங்கி உங்களிடம்தான் வருவேன்.

திருத்திய அறிக்கையை இன்று காலை நகரக் கல்வித் துறையில் கொடுத்துவிட்டேன். என் வேலை போகும். வழக்கு வரும். வரட்டும்! இனி எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையைக் கட்டினாலும், அந்தப் பிள்ளை பக்கம் நின்று சாட்சி சொல்வேன். கட்டுகிறவனின் புத்தி எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். லியென் பி-யுன் அம்மையாரே, உங்கள் வேலையில் எனக்குத் தகுதியுள்ள பங்கு அது ஒன்றுதான். அதை விட மாட்டேன்.

சின்-யா, நிமிர்ந்து உட்காரம்மா. டீச்சர் கண்ணைப் பறித்தது நீ இல்லை. நான்.