கப்பலுக்கு ஒன்று, காணிக்கு ஐந்து

"கப்பல் சட்டத்துக்கு ஒன்னு, காணிச் சட்டத்துக்கு அஞ்சா?"

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த சட்ட மாணவி பக்கத்திலிருந்த வகுப்புத் தோழனிடம் விருப்பப் பாடப் பதிவைப் பற்றிச் சத்தமாகவே கேட்டாள்.

"காணிதான் ரொம்ப விருப்பம். அதான் அஞ்சு போட்டேன்."

"இது என்ன மார்க்காடா? அஞ்சுன்னா அஞ்சாவது தெரிவு! நம்ம தோட்டத்து லய வீட்டுக்குக் காணி உறுதிப் பத்திரமே இல்ல, தொர கப்பல் கேஸ் பேசப் போறாரு. நம்ம மலையூரு லிந்துலையில எந்தத் துறைமுகம்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பதிவும் நேத்தோட முடிஞ்சிருச்சு. என்னையப் பாரு, ஒரு வாரம் யோசிச்சுக் காணிய முதல்ல எழுதினேன்."

"எழுதின. சிக்னல் இல்லன்னு, ஆன்லைன்ல பதியச் சொல்லி எங்கிட்டதானே லிஸ்ட்ட குடுத்த?"

"ஆமா."

"ஒனக்கும் நான்தான் நம்பர் போட்டேன்."

ஹட்டன் வரை அவள் போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டே வந்தாள்.