ஸ்ட்ராபெர்ரி குரூத்

— ஐயோ, என்ன சத்தம் அது! கூரை இடிஞ்சு விழுந்துடுச்சா?

— கூரை இல்ல எர்மெக் முதலாளி, உன் ஸ்ட்ராபெர்ரி தயிர். நாப்பது பெட்டி கடைகள்லேர்ந்து திரும்பி வந்திருக்கு. லாரிக்காரன், நாங்க தயிர் உருண்டை பிடிச்சுக் காயவெக்கற குரூத் அறை வாசல்ல தள்ளிட்டுப் போயிட்டான். பாரு, டப்பாவெல்லாம் உப்பிப்போய் வெடிக்குது. தூ! என்ன நாத்தம்!

— அனார்குல் அக்கா, நான் சண்டைக்கு வரல. சுருக்கமா சொல்லிடறேன். திங்கக்கிழமையோட குரூத்தை நிறுத்தறோம். மாசம் ஒரு லட்சம் சோம் நஷ்டம். சூரா, கணக்கைக் காட்டும்மா.

— இதோங்க ஐயா. என்னை முறைக்காதீங்க அக்கா, நான் எழுதறவ மட்டும்தான்.

— உன்னை ஏன் முறைக்கப்போறேன்? ஒண்ணே ஒண்ணு படி. குரூத்துக்குப் பால் என்ன விலைன்னு எழுதியிருக்கே?

— லிட்டர் நாப்பது சோம்.

— கறந்த பால் விலை! எர்மெக், நீ எனக்குக் கறந்த பால் குடுத்து ரெண்டு வருஷமாச்சு. எனக்கு வர்றது இந்தத் திரும்பி வந்த சனியன்தான். இதை வடிகட்டி, உப்புப் போட்டு, எட்டுப் பொம்பளைங்க உருண்டை பிடிச்சுக் காயவெக்கிறோம். உருண்டை ரோஸ் கலர்ல வருது! நாரின் சந்தையில ஒருத்தர் வாயில போட்டாரு, அப்படியே என் செருப்பு மேல துப்பினாரு. உப்புக் கரிக்க வேண்டியது இனிச்சா, எவன் பீருக்குக் கடிப்பான்?

— அப்போ நிறுத்தறது நல்லதுதானே?

— நிறுத்திட்டா இந்த நாப்பது பெட்டியை யார் தலையில கொட்டுவே? தயிர்க் கணக்குலதானே எழுதணும்? எழுதினா உன் புதுத் தயிர் மெஷினோட லட்சணம் ஊருக்கே தெரியும். நஷ்டம் என் உருண்டையில இல்ல எர்மெக், உன் தயிர்ல.

— தெரியும்.

— என்னது?

— எனக்கு எப்பவோ தெரியும்க்கா. அதான் தொழிற்சாலையையே விக்கறேன். அடுத்த வியாழக்கிழமை ஆள் பணத்தோட வர்றான். நஷ்டத்துல ஓடின குரூத்தை மூடியாச்சு, மிச்சம் லாபத் தயிர் மட்டும்தான்னு காகிதம் சொல்லணும்.

— சீ! உங்கப்பா இதே வாசல்ல நின்னு, பால்ல ஒரு சொம்புத் தண்ணி கலந்தவனைத் துரத்தியடிச்சாரு.

— அப்பாவை விடு. சுருக்கமா சொல்றேன். உன் ஆளுங்க எட்டுப் பேருக்கும் ஆறு மாசச் சம்பளம், உனக்கு ஒரு வருஷம். வாங்கறவன்கிட்ட இதைப் பத்தி நீ மூச்சு விடக்கூடாது.

— வாயடைக்கற காசா?

— வேணாம்னா போ. திங்கக்கிழமை எல்லாரும் வெறுங்கையோட வீட்டுக்குப் போகலாம்.

— என் எட்டுப் பேர்ல அந்த ஜிப்பெக்குக்கு மூணு குழந்தை. புருஷன் இடுப்பொடிஞ்சு படுத்திருக்கான். அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்... சரி. உன் வார்த்தையை நான் நம்ப மாட்டேன். மேசையில இருக்கற இந்த ரொட்டி மேல கை வெச்சு ஆணையிடு, நம்ம ஊர்ல அதை மீறினவன் கிடையாது.

— வெச்சாச்சு. சம்பளம் முழுசா தருவேன், ரொட்டி மேல ஆணை. நீயும் வை.

— வாங்க வர்றவன்கிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். ரொட்டி மேல ஆணை. போதுமா? என் கண் முன்னால நிக்காதே, போ.

— போறேன், போறேன். சூரா, அந்தப் பெட்டிங்களை யார் கண்ணுலயும் படாம அப்புறப்படுத்து.

— தொலைஞ்சானா?

— கார் கிளம்பிடுச்சு அக்கா.

— கையில கொஞ்சம் தண்ணி ஊத்து சூரா. அந்தத் தயிரை விட இந்தக் கைதான் நாறுது. இன்னும் ஊத்து. வெந்நீர் இல்லையா?

— அக்கா...

— எவனோ ஒரு ஏமாளி. ஏமாறட்டும். அவனைப் பெத்தவ உக்காந்து அழட்டும், எனக்கென்ன?

— அப்படிச் சொல்லாதீங்க அக்கா. அவர் எதிர்ல சொல்லப் பயந்துட்டேன்... மாஸ்கோவுல பத்து வருஷம் செங்கல் சுமந்த காசோட வர்றது உங்க மகன் பெக்தூர்தான், 'அம்மா வேலை பாக்கற இடத்தை அம்மா பேர்லயே வாங்கறேன், சொல்லிடாதீங்க'ன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டான்.