கருப்புத் துணியின் நான்காவது மூலை

"கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு லா, தனம். இந்த மூலை வேற கை."

"என்னடி வேற கை? மொத்தமும் வீரம்மா வேலைதான். நான் அவ பக்கத்துலயே உக்காந்து படிச்சவ."

"உக்காந்து தூங்கினவ."

வெள்ளி விழா ஏற்பாட்டுக் கூட்டத்துக்காகக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். பழைய மாணவிகள் இராஜம்மாவும் தனலெட்சுமியும் சுவரில் மாட்டிய துணிக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். கருப்புச் சாட்டினில் கருப்புப் பட்டு நூலால் தைத்த மங்குஸ்தீன் பழமரக் கிளை அது. வெளிச்சம் சாய்ந்து விழுந்தால்தான் இலைகள் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் பெண்கள் சித்திரத் தையல் பள்ளிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

இராஜம்மா சொன்னது சரி. நான்காவது மூலை என் கை. ஒன்பது வருஷமாகச் சொல்லாமல் இருந்து எனக்கும் அலுத்துவிட்டது. இந்த விழா மலரில் எழுதிவிடுகிறேன்.

1928இல் வீரம்மாவுக்குப் பதினெட்டு வயது. காப்பார் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து பள்ளியிலேயே தங்கிப் படித்தாள். பென்சிலால் ஒரு கோடு போட்டால் அழிக்கவே மாட்டாள். அப்போது தலைமை ஆசிரியை சாந்தமேரி டீச்சர். வீரம்மாவை மதராஸுக்கு அனுப்பிப் படிக்கவைத்து, திரும்பி வந்ததும் பள்ளியை அவளிடம் ஒப்படைக்கப் போவதாக என்னிடமே சொன்னார். நான் அங்கே பதினோரு வருஷம் வேலை பார்த்திருந்தேன். "நீதான் கூட இருந்து அவளைப் பாத்துக்கணும், மகதலேனா" என்றார்.

பார்த்துக்கொண்டேன். மதராஸுக்கு அனுப்ப ஒரு மாதிரி வேலை வேண்டும். கருப்பில் கருப்பு தைத்தால் திறமை முழுதும் தெரியும் என்று சொன்னது நான்தான். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

மூன்று மூலை முடிந்தபோது அவள் கண் சிவந்து நீர் வடிந்தது. சாந்தமேரி டீச்சர் பொருட்காட்சி வேலையாகக் கிள்ளானுக்குப் போயிருந்தார். ஊசி கோக்க முடியவில்லை என்று வீரம்மா தானாகவே டாக்டரிடம் போனாள். அவர் வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு சீட்டை எழுதி, "டீச்சர், டீச்சர்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"சிக்கு விழுந்த நூல் மாதிரி எழுதியிருக்காரு டீச்சர். என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

கருவிழியில் புண், இன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கவும், தாமதித்தால் பார்வை போய்விடும் என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து தெளிவாகத்தான் இருந்தது.

"நூல் தூசி பட்டிருக்காம். ஆறின தேத்தண்ணியில கழுவினா போதுமாம். வேலையை விட வேணாங்கிறாரு" என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. ஒரு மூலைதானே பாக்கி."

தேத்தண்ணியை நானே ஆறவைத்துக் கொடுத்தேன். காலையும் மாலையும் தவறாமல் கொடுத்தேன். எட்டாம் நாள் அவள் ஒரு நூல்கண்டை என்னிடம் நீட்டி, "இது கருப்பா, ஊதாவா டீச்சர்?" என்று கேட்டாள். அது வெள்ளை.

சாந்தமேரி டீச்சர் அன்றைக்கே திரும்பி வந்து, அவளை ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு கண்ணும் போய்விட்டன. சீட்டைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். என் சித்திர நோட்டுக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் பள்ளி என் கைக்கு வந்தது. பாதியில் நின்ற வேலை கண்ணை உறுத்தியதால் நான்காவது மூலையை முடித்தேன். காப்பாருக்குப் போய் வீரம்மாவையும் கூட்டி வந்தேன். பின்கட்டில் அவளுக்கு ஒரு அறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். வருகிறவர்களிடம், "டீச்சர் இல்லன்னா என் கதி என்னாயிருக்கும்" என்பாள். நான் மறுத்துப் பேசியதில்லை. வேறு யார் அவளை இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

விழா முடிந்ததும் அந்தத் துணியின் சட்டத்தில் பெயர்ப் பலகை வைக்க வேண்டும். வீரம்மா பெயர் மட்டும் போதுமா, மூலையை முடித்த என் பெயரும் சேர வேண்டுமா? வாசகர்கள் உங்கள் அபிப்பிராயத்தைப் பள்ளி முகவரிக்கு எழுதுங்கள். வீரம்மாவுக்கு ஏதாவது சொல்ல விரும்பினால் அதையும் எழுதுங்கள், ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. அவளுக்கு வரும் கடிதங்களை எப்போதும் நான்தான் படித்துச் சொல்கிறேன்.