ஓடை தாண்டிய பிறகு

அக்டோபரில் விறகு புகையாமல் எரிய வேண்டுமென்றால், அதை மார்ச்சிலேயே பிளந்து அடுக்கி வெயில் காட்டியிருக்க வேண்டும். பச்சை மரத்தை அடுப்பில் திணித்துவிட்டு அடுப்பைத் திட்டுகிறவர்கள் வெர்மான்ட்டில் இன்னும் இருக்கிறார்கள். வின்ஸ்லோ குடும்பத்துக்கு நான் ஒருநாளும் பச்சை விறகு கொடுத்ததில்லை. பன்னிரண்டு வருஷம், ஒரு கட்டைகூட இல்லை. முதலில் அது பதிவாகட்டும்.

"நீங்க சொல்லுங்க டாட்ரோ, நான் எழுதிக்கறேன்" என்றீர்கள். நான்தான் தாளைக் கேட்டு வாங்கினேன். கையெழுத்து போடச் சொன்னால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்த ஆள் நான், ஐம்பத்தெட்டு வயதுவரை. இப்போது அறுபத்தொன்று. என் வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன் என்றால் நூலகத்து கிம்பல் அம்மா சந்தோஷப்படுவார். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் இருக்கும் அந்த மரவீடு ஊரில் இல்லாத ஒருவருக்குச் சொந்தம். நான் காவல், விறகு, புகைபோக்கி, பாலம் எல்லாம். இலை சிவக்கிற நேரத்தில் வாரத்துக்கு ஒரு குடும்பமாக வருவார்கள். மற்றவர்கள் மரங்களைப் படம் எடுப்பார்கள், எலி இருக்கிறது என்று புகார் சொல்வார்கள், போய்விடுவார்கள். அக்டோபர் கடைசி வாரம் மட்டும் வின்ஸ்லோக்களுடையது. கனெக்டிகட்டிலிருந்து கிரஹாம், அவர் மனைவி லூயிஸ், மகள் ஃபீபி. முதல்முறை வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. போன வாரம் பதினேழு.

அவர்கள் வருவதே பேய்க்கதை படிக்கத்தான். வருஷத்துக்கு ஒரு புத்தகம், ஒரு சாயங்காலத்துக்கு ஓர் அத்தியாயம். சாப்பாடு முடிந்ததும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, சூடான ஆப்பிள் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி உரக்கப் படிப்பார்கள். லூயிஸ் குரல் நன்றாக இருக்கும். கிரஹாமுக்குக் குரல் போதாது, ஆனால் கதவு கிறீச்சிடுவதை அவரைப்போல யாராலும் செய்ய முடியாது. முதல் வருஷம் விறகு கொண்டுபோனவனை, "உட்காருங்க ஆர்வில், நாலு பேரா பயந்தா நல்லாயிருக்கும்" என்று அவர்தான் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அடுப்புக்கு இடதுபக்க முக்காலி எனக்கு.

எனக்கு வீட்டில் யாரும் இல்லை. சிரிப்பும் பயமும் ஒன்றாக வருகிற இடம் வருஷத்தில் அந்த ஏழு சாயங்காலங்கள்தான். குறை சொல்வதானால் ஒன்றே ஒன்று. அவர்கள் கடைசி அத்தியாயத்தை அங்கே படிக்க மாட்டார்கள்.

அது கிரஹாம் வைத்த சட்டம். முதல் வருஷம் ஃபீபி பயந்து அழுதபோது, "பேயால ஓடுற தண்ணியைத் தாண்ட முடியாதுடா கண்ணு. கடைசி அத்தியாயத்தை ஓடை தாண்டினப்புறம் படிப்போம். எல்லாப் பேயும் இந்தப் பக்கமே நின்னுடும்" என்றார். அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காலை கார் என் மரப்பாலத்தைத் தாண்டும். தாண்டியதும் முன் இருக்கையில் லூயிஸ் புத்தகத்தைத் திறப்பார். நான் இந்தக் கரையில் கை காட்டிக்கொண்டு நிற்பேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைவது தெரியும். பேய்களோடு பேயாக நானும் இந்தப் பக்கம் நின்றுவிடுவேன்.

ஒருமுறை கேட்டேன். "புத்தகத்தை வேணா வச்சுட்டுப் போறோம், படிச்சுட்டு வைங்க" என்றார் கிரஹாம். நான் பார்க்கிறேன் என்றேன். அந்தப் புத்தகம் இரண்டு வருஷம் என் மேஜையில் இருந்தது. அப்புறம்தான் ஒரு ஜனவரியில், பனிக்காலணியோடு நூலகத்துக்குப் போய், எனக்கு எழுத்துத் தெரியாது என்று கிம்பல் அம்மாவிடம் சொன்னேன். மரத்தை வெட்டுவதைவிட அந்தச் சொல்லைச் சொல்வது கடினமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "விரலை வரிக்குக் கீழ வைங்க, விரல் போற வேகத்துக்குக் கண்ணு போகட்டும்" என்றார். இரண்டு குளிர்காலம் படித்தேன். விரல் வைக்காமல் இன்றுவரை எனக்குப் படிக்க வராது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படிக்க வந்ததும் பழைய கதைகளின் முடிவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். பாதிக்கு மேல் காற்றுதான் காரணம், மீதியில் பெரியப்பாதான் குற்றவாளி. எனக்கு ஏமாற்றமில்லை. தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். வின்ஸ்லோக்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் புத்தகத்தை வாங்கி நானே ஓர் அத்தியாயம் படித்து அவர்களை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

இந்த வருஷம் புத்தகம் இல்லை. ஃபீபி ஒரு நீல அட்டை நோட்டோடு வந்தாள். "இந்தத் தடவை நானே எழுதினது. யாரும் நடுவுல கிண்டல் பண்ணக்கூடாது. அப்பா, உங்களைத்தான் சொல்றேன்" என்றாள்.

கதை ஒரு மலைவீட்டில் நடக்கிறது. சுவரில் ஒரு குடும்பப் படம். தினமும் அந்தி நேரத்தில் ஹோரஸ் என்ற விறகுக்காரன் வருவான். கட்டம்போட்ட சட்டை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான், மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் கதவைத் தட்டுவான்.

அந்த இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதுதான் மூன்றாவது தும்மலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆர்வில், இவ மேல கேஸ் போட்டுடுங்க. சாட்சி நான்" என்றார் கிரஹாம்.

"அது மிஸ்டர் டாட்ரோ இல்லப்பா. ஹோரஸ் உங்களைவிட உயரம், இல்ல?" என்று ஃபீபி என்னிடம் கேட்டாள்.

"அழகும் கூடவா?" என்றேன்.

"அது கடைசி அத்தியாயத்துல தெரியும்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்படி ஒரு வாரம் எனக்கு வாய்த்ததில்லை. திங்கள்கிழமை ஹோரஸ் வந்துபோன பிறகு சுவர்ப்படத்திலிருந்து மாமா காணாமல் போனார். செவ்வாய் அத்தை. ஒவ்வொரு தடவையும் அவன் விறகை இறக்கிவிட்டுப் போனதும் படத்தில் ஓர் ஆள் குறைந்தது. லூயிஸ் என் கோப்பையில் சாற்றை ஊற்றிக்கொண்டே, "எங்க அத்தையை எங்கே வச்சிருக்கீங்க? நல்லா சாப்பாடாவது போடுறீங்களா?" என்றார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

வீட்டுக்குப் போனதும் கண்ணாடியைப் பார்த்தேன். என்னைப் பற்றி யாராவது எழுதியது அது ஒன்றுதான். கல்யாணப் பதிவில் என் பெயர் இல்லை, செய்தித்தாளில் இல்லை. ஒரு பிள்ளை பன்னிரண்டு வருஷம் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நோட்டு முழுக்க எழுதியிருக்கிறாள். கடைசியில் நான் நல்லவனா கெட்டவனா என்பது அந்த நோட்டின் கடைசி ஆறு பக்கத்தில் இருந்தது. வேறு பிரதி கிடையாது. நூலகத்தில் கிடைக்காது.

சனிக்கிழமை படத்தில் ஒரு சின்னப் பெண் மட்டும் மிச்சம். ஃபீபி நோட்டை மூடினாள்.

"இங்கயே முடிச்சிடேன்" என்றேன்.

"ஐயோ, சட்டம் சட்டம்தான் மிஸ்டர் டாட்ரோ. ஓடை தாண்டினப்புறம்தான்."

"நான் எப்படி ஓடை தாண்டறது?"

"அடுத்த வருஷம் சொல்றேன்" என்றவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அடுத்த வருஷம் இல்லை. வீடு விலைபோகிறது, அவளுக்குக் கல்லூரி. "தபால்ல அனுப்புறேன். சத்தியமா." அவள் மனதாரத்தான் சொன்னாள். லூயிஸும் மனதாரத்தான் நான்கு வருஷமாக ஒரு புகைப்படம் அனுப்புவதாகச் சொல்கிறார். இலை சிவப்பாக இருக்கிறபோது மனிதர்கள் நிறையச் சொல்வார்கள். நவம்பரில் எல்லாம் உதிர்ந்துவிடும். யாரையும் குறை சொல்லவில்லை.

நான் யோசித்தது சின்ன விஷயம். ஞாயிறு காலை அவர்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேப்பிள் பாகு ஜாடியை வாசலில் வைத்துவிட்டு, கடப்பாரையோடு பாலத்துக்குப் போனேன். நடுவில் இரண்டு பலகைகளின் ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை ஒரு சாண் நகர்த்தி வைத்தேன். மேலே இலைகளைத் தூவினேன். முன்சக்கரம் ஒன்று இறங்கிச் சிக்கிக்கொள்ளும். இழுவை வண்டி வர மூன்று மணி நேரம். அதுவரை எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். ஓடையைத் தாண்டவும் முடியாது, சும்மா உட்காரவும் முடியாது. "சரி, படிச்சிடுவோம்" என்று கிரஹாமே சொல்வார். அவரை எனக்குத் தெரியும்.

பலகைக்குக் கீழே இருந்த உத்திரம் ஒருபக்கம் உளுத்திருந்தது. இந்த வசந்தத்தில் மாற்றியிருக்க வேண்டியது. அந்த வசந்தத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு முழுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கார் சிக்கவில்லை. உத்திரத்தோடு முறிந்து மூக்குக் குப்புற ஓடையில் விழுந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஃபீபிக்கு நெற்றியில் வீக்கம். லூயிஸுக்கு மணிக்கட்டு உடைந்திருந்தது. கிரஹாமின் தொடையில் உடைந்த தகரம் ஆழமாகக் கிழித்திருந்தது. மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை வெளியே எடுத்து இந்தக் கரையில் படுக்க வைத்தோம். லூயிஸ் தன் கழுத்துத் துணியை அந்த இடத்தில் வைத்து, என் கையைப் பிடித்து அதன்மேல் அமுக்கினார். கைபேசி அங்கே எடுக்காது. ஃபீபியை அக்கரைக்கு ஏற்றி, சாலைக்கு ஓடச் சொன்னார். மேலே வீட்டில் பழைய தொலைபேசி இருந்தது. அங்கே லூயிஸே போனார்.

"ஆர்வில், உங்க கைதான் பலமான கை. என்ன ஆனாலும் எடுக்காதீங்க. எடுத்தா அவர் இருக்க மாட்டார். புரியுதா?"

"புரியுது லூயிஸ்" என்றேன். புரிந்தது. புரியவில்லை என்று நான் இங்கே எழுத விரும்பவில்லை.

ஒரு கூழாங்கல் மேட்டில் அந்த நீல நோட்டு ஒதுங்கியிருந்தது. ஓரம் மட்டும் நனைந்திருந்தது. இடது கைக்கு எட்டியது. கடைசி அத்தியாயத்தைத் திறந்து முழங்காலில் வைத்தேன். நல்ல வெளிச்சம். எழுத்தும் குண்டு குண்டாகத் தெளிவாக இருந்தது. ஆனால் காற்றில் பக்கம் புரண்டது. இடது கையால் நோட்டைப் பிடித்தால்தான் நிற்கும். வரிக்குக் கீழே வைக்க விரல் வேண்டும்.

வலது கையை எடுத்தேன்.

உரக்கத்தான் படித்தேன். எனக்கு மட்டும் படித்துக்கொள்வது முறையாக இருக்காது. முதல் வரி முடிந்ததும் கிரஹாம் கண் திறந்தார்.

"ஆர்வில்... உங்களுக்குப் படிக்க வருமா?"

"ரெண்டு வருஷமா."

"நல்லாப் படிக்கிறீங்க" என்றார். பிறகு, "கை..." என்றார்.

"ஆறே பக்கம்தான்" என்றேன்.

கிறீச்சிடும் கதவு ஒன்று முதல் பக்கத்திலேயே வந்தது. அவருக்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். அவர் செய்யவில்லை, நானே செய்தேன். ஓடை முழுக்க மேப்பிள் இலைகள் மிதந்துகொண்டிருந்ததால் தண்ணீரின் சிவப்பு எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. மூன்றாம் பக்கம்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் வேகமாகப் படிக்கிறவன் இல்லை. சின்ன வயதிலேயே யாராவது என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தால் அவர் முழுதும் கேட்டிருப்பார்.

லூயிஸ் கம்பளியோடு ஓடிவந்தபோது நான் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். "ஒரு நிமிஷம், இன்னும் நாலு வரி" என்றேன். அவர் போட்ட சத்தத்தில் அந்த நாலு வரியையும் இரண்டு தடவை படிக்க வேண்டியதாயிற்று.

ஆணியைப் பிடுங்கியது நான். கையை எடுத்தது நான். எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்து எடுத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. நல்ல உடல்நிலையில், காலைச் சாப்பாடு முடித்து எழுதுகிறேன். இங்கே முட்டை நன்றாகவே செய்கிறார்கள்.

நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, ஐயா. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஹோரஸ் யாரையும் தின்னவில்லை. தின்றது அந்த வீடு. அவன் ஒவ்வொருவராக முதுகில் சுமந்து ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறான். கடைசியில் பாலம் உடைகிறது. அந்தச் சின்னப் பெண் தாண்டும்வரை அவன் தண்ணீரில் நின்று பலகையைத் தாங்கிப் பிடிக்கிறான். அந்தப் பிள்ளை பன்னிரண்டு வருஷம் என்னைப் பார்த்தவள், பொய் எழுத மாட்டாள். நோட்டின் கடைசி வரியை அப்படியே இங்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், அதையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ளுங்கள்: "என்ன ஆனாலும் அவன் கையை எடுக்கவே இல்லை."

ஆர்வில் டாட்ரோ