ஒரே ஒரு மாணவிக்கு ஆறு பெட்டி

– அக்கா, ஒரே ஒரு பிள்ளை படிக்கப்போற வீட்டுல வருகைப் பதிவேடு எதுக்கு?

– ஒழுங்குக்குத்தான். நீ அந்தப் பெட்டியை இப்படித் தள்ளு. ஒண்ணு, கணக்கு. ரெண்டு, மொழி. மூணு, அறிவியல். ஆறுலயும் பேரு ஒட்டி அலமாரி மேல்தட்டுல ஏத்தணும். சரியா?

– ஏத்தலாம். உன் மக எப்படி எடுப்பா? அவ கை மூணாவது தட்டுக்கே எட்டாதே.

– அதை யோசிக்கல.

– சரி விடு, கீழ்த்தட்டுல வைப்போம். அதுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது?

– அலமாரி அடுக்கவே தெரியல, நான் பாடம் நடத்தப் போறேனாம். ஸ்கூல் ஆபீஸ்ல நாலு மணிக்குள்ள சொல்லச் சொன்னாங்க. அவ இடம் வேண்டாம்னா வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க.

– மணி மூணேகால். வேண்டாம்னுதானே சொல்லப்போற?

– வேணும்னு சொல்லிடலாம்னு பார்க்கிறேன்.

– நல்லா இருக்கே. அந்த வகுப்புல குட்டி வாயே திறக்கறதில்லன்னு அழுதது யாரு? வீட்டுலயே படிக்கப்போறோம்னு அவ நேத்திலேர்ந்து பென்சிலைச் சீவிச் சீவிப் பாதியாக்கி வச்சிருக்கா. அவகிட்ட நீயே சொல்லிக்கோ.

– நான் ஒருத்தியை வீட்டுல வச்சுப் படிக்க வச்ச லட்சணம் எனக்குத் தெரியும்.

– யாரை, என்னையா?

– வேற யாரை? எட்டு வயசுல காய்ச்சல்ல படுத்தியே, அந்த வருஷம்.

– அம்மாடி, அதை மறப்பேனா. ஜன்னலோரக் கட்டில். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காம வந்து நிப்பே. பழைய காலண்டரோட பின்பக்கம்தான் நமக்குக் கரும்பலகை. பின்னம் நடத்த அப்பா சட்டைப் பட்டனையெல்லாம் வெட்டிட்டே.

– மறுநாள் அப்பா ஊக்கு குத்திக்கிட்டு வேலைக்குப் போனார்.

– ஒரு வார்த்தை திட்டலையே, மனுஷன்.

– சிரிக்காதே. எட்டு வயசுக்குப் பின்னம் எதுக்கு? அன்னிக்கு என் வகுப்புல என்ன நடந்துச்சோ, அதையே வந்து உனக்கு ஒப்பிச்சேன். நான் ஏழாவது, நீ மூணாவது. அதுகூடத் தோணல எனக்கு.

– அதுதானே ருசி. எட்டாம் வாய்ப்பாடு தெரியாது, ஆனா இதயத்துக்கு நாலு அறைன்னு தெரியும். எரிமலை நடத்தினப்ப போர்வைக்குள்ள நீ குமுறினியே, கட்டிலே ஆடிச்சு.

– பரீட்சையில எரிமலையா கேட்டாங்க? மூணாம் வகுப்பையே மறுபடி படிச்சே. உன் தோழிங்க எல்லாம் மேல போயிட்டாங்க. இருபத்திரெண்டு வருஷமா உறுத்துது. உன்னோட ஒரு வருஷத்தை வீணாக்கினவ நான். குட்டிக்கும் அதையே செய்யணுமா? போனை இப்படிக் கொடு.

– இரு. அம்மா என்கிட்ட ஒரு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அவங்களே போயாச்சு, இனி சொன்னா குத்தமில்ல.

– என்ன சத்தியம்?

– உனக்குத் தெரிஞ்சா நீ அன்னிக்கே நிறுத்திடுவேன்னுதான் மறைச்சோம்.

– எதை? இழுக்காம சொல்லு.

– காய்ச்சல் ரெண்டே மாசத்துல விட்டுடுச்சுக்கா. நான் ஸ்கூலுக்குப் போயிட்டா உன் வகுப்பு நின்னுடுமேன்னு, மிச்ச எட்டு மாசமும் போர்த்திக்கிட்டுப் படுத்தே கிடந்தேன்.